டெம்பரேச்சர் சென்சாரை மாற்றும் முன் வீட்டு வாசலிலேயே செய்து பார்க்க வேண்டிய சோதனைகள்

எட்டு வருடம் ஓடிய என் பெட்ரோல் காரில் ஒரு நாள் காலை சாவியைத் திருகியதுமே ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் சுற்ற ஆரம்பித்தது. இரவெல்லாம் ஆறிக் கிடந்த இன்ஜின் அது. ஃபேனுக்கு அந்த நேரத்தில் வேலையே இல்லை. கூடவே செக் இன்ஜின் லைட்டும் எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, "டெம்பரேச்சர் சென்சார் போயிடுச்சு சார்" என்று சொல்லிப் புதிதாக ஒன்றை மாட்டினார்கள். மூன்று வாரம் கழித்து அதே பிரச்சினை வந்தது. மறுபடியும் ஒரு சென்சார். அடுத்த மழைக்கு மூன்றாவது முறையும் ஃபேன் அலறியபோதுதான் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு நானே பானெட்டைத் திறந்தேன். சென்சாரில் ஒயரை மாட்டும் கப்ளரிலிருந்து நான்கு விரல்கடை தள்ளி, டேப் சுற்றிய இடத்துக்குள்ளே எலி கடித்த ஒயர் இருந்தது. செம்பு இழைகளில் நான்கைந்துதான் ஒட்டிக்கொண்டிருந்தன, அதுவும் பச்சை பூத்துப்போய். மாட்டிய சென்சார்கள் இரண்டிலும் ஒரு குறையும் இல்லை.

இன்ஜினின் சூட்டை அளந்து சொல்லும் இந்தச் சென்சார் விலை குறைவு, கழற்றி மாட்டுவதும் சுலபம். அதனால்தான் சோதித்துப் பார்க்காமலே முதலில் இதை மாற்றிவிடுகிறார்கள். ஆனால் ஸ்கேனரில் சென்சார் பெயர் வந்தால் சென்சார் கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. அந்தச் சென்சார் இருக்கும் வழியில் எங்கேயோ கோளாறு என்றுதான் பொருள். அது எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர், கைப்பேசியோடு இணையும் சின்ன ஸ்கேனர், இரண்டு நாள் காலை நேரம் இவை போதும். இதுவரை பானெட்டையே திறக்காதவர்களும் செய்யக்கூடிய வரிசையில் சொல்கிறேன்.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்

இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஓடும் பாதையில், பெரும்பாலும் தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்ப அந்தப் பாதையைத் திறந்து மூடும் வால்வு) உட்கார்ந்திருக்கும் ஹவுசிங்கின் பக்கத்தில், விரல் நுனி அளவுக்குப் பித்தளையிலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு பொருள் சொருகியிருக்கும். அதன் மூக்கு கூலன்ட்டில் நனைந்துகொண்டிருக்கும், வால் பக்கம் இரண்டு ஒயர் வரும். உள்ளே இருப்பது தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். குளிரக் குளிர ஏறும்.

இன்ஜினை நிர்வகிக்கும் கணினிக்கு இசியு என்று பெயர். அது தன்னுள்ளே இருக்கும் ஒரு நிலையான மின்தடை வழியாக இந்த ஒயரில் 5 வோல்ட் அனுப்புகிறது. சென்சாரின் தடை குறைந்தால் ஒயரில் வோல்ட் இறங்கும், கூடினால் ஏறும். அந்த வோல்ட்டை வைத்துத்தான் இசியு சூட்டைக் கணக்கிடுகிறது. ஒயர் அறுந்துபோனால் வோல்ட் 5-லேயே நின்றுவிடும். அதை இசியு கடும் குளிர் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு ஒயரும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டால் வோல்ட் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அது கொதிக்கும் சூடு என்று ஆகிவிடும். அறுந்தால் குளிர், உரசினால் சூடு. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எல்லாச் சோதனைகளுக்கும் இதுதான் அடிப்படை.

இந்த ஒரு எண்ணை வைத்து இசியு நிறைய முடிவுகள் எடுக்கிறது. எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும், ஐடிலிங் எவ்வளவு இருக்க வேண்டும், ஃபேன் எப்போது சுற்ற வேண்டும், ஏசி கம்ப்ரஸரை அனுமதிக்கலாமா என்பதெல்லாம் இதைப் பொறுத்தவை. அதனால் எண் தப்பானால் அறிகுறிகளும் பலவிதமாக வரும்.

காரின் அறிகுறி எந்தப் பக்கம் காட்டுகிறது?

இன்ஜின் சூடாக இருக்கும்போது "குளிர்ந்திருக்கிறது" என்று சென்சார் சொன்னால், இசியு பெட்ரோலை அள்ளி ஊற்றும். மைலேஜ் விழும், சைலன்ஸரில் கரும்புகை வரும், பின்னால் நின்றால் பெட்ரோல் வாடை அடிக்கும், ஸ்பார்க் பிளக் மை பூசியதுபோல் கறுத்திருக்கும். பத்து நிமிடம் கடையில் நிறுத்திவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தால் இழுத்து இழுத்துத்தான் பிடிக்கும். இதை மாதக்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். அதன் விலைக்கு முன்னால் சென்சார் விலை ஒன்றுமே இல்லை.

இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது "சூடாக இருக்கிறது" என்று சொன்னால் நிலைமை தலைகீழ். பெட்ரோல் போதாமல் காலையில் ஸ்டார்ட்டிங் ட்ரபுள் வரும், பிடித்தாலும் அணைந்து அணைந்து போகும். நன்றாகச் சூடேறியபின் கார் ஒழுங்காக ஓடும். டீசல் காராக இருந்தால், ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜினுக்குள் சூடேற்றும் குளோ பிளக் எரியும் நேரம் குறைந்துபோய், ஊட்டி, கொடைக்கானல் மாதிரி குளிர் ஊர்களில் காலையில் வெண்புகையோடு திணறும்.

என் காரில் நடந்த மாதிரி சாவி போட்டதுமே ஃபேன் ஓடினால், இசியு சென்சாரை நம்புவதையே விட்டுவிட்டது என்று அர்த்தம். நிஜமாகவே சூடு இருந்து அது தனக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது என்று பாதுகாப்புக்காக ஃபேனை ஓட்டிவிடுகிறது. பல கார்களில் ஏசியையும் அதே காரணத்துக்காக நிறுத்திவைக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். ஓட்டிக்கொண்டிருக்கும்போது டேஷ்போர்டின் டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு ஏறினாலோ சிவப்பு டெம்பரேச்சர் லைட் எரிந்தாலோ "சென்சார் கோளாறாக இருக்கும்" என்று நினைத்து ஓட்டாதீர்கள். ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். அது நிஜமான சூடு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நிஜச் சூட்டில் இன்னும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போகும், ஹெட்டே வளையவும் கூடும். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. கூலன்ட் கசிந்து வெளியேறிவிட்டால் சென்சாரின் மூக்கு காற்றில் நிற்கும். காற்றும் ஆவியும் கூலன்ட் அளவுக்குச் சூட்டைக் கடத்தாது. உள்ளே இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் நடுவில் நிற்கலாம், கீழே இறங்கவும் செய்யலாம். அதனால்தான் எந்தச் சோதனைக்கும் முன்னால் கூலன்ட் அளவைப் பார்க்க வேண்டும்.

முதல் படி: கூலன்ட் அளவு

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதீர்கள். உள்ளே காற்றழுத்தத்துக்கு மேல் கூடுதல் அழுத்தம் இருக்கிறது. திறந்த நொடியில் கொதிக்கும் கூலன்ட் முகத்துக்கு வரும். துணியைப் போட்டுத் திறந்தாலும் இதே ஆபத்துதான்.

ஆறிய இன்ஜினில் ரிசர்வ் டேங்கின் இரண்டு கோடுகளுக்கு நடுவில் கூலன்ட் நிற்க வேண்டும். ரேடியேட்டருக்குத் தனி மூடி இருந்தால் அதையும் திறந்து, கழுத்து வரை இருக்கிறதா என்று பாருங்கள். டேங்கில் இருந்தும் ரேடியேட்டரில் இல்லாமல் போவது உண்டு. நிறத்தையும் கவனியுங்கள். துருத் தண்ணீர் மாதிரி பழுப்பாக இருந்தால் யாரோ குழாய்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். நம் பக்கத்து போர் தண்ணீரில் இருக்கும் உப்பு, குடத்தின் உள்பக்கம் படிவதைப் போலவே சென்சாரின் மூக்கிலும் வெள்ளையாகப் படியும். அப்படிப் படிந்த சென்சார் சூட்டை மெதுவாகத்தான் உணரும். கூலன்ட் கான்சன்ட்ரேட்டில் கலக்க டிஸ்டில்டு வாட்டர்தான் சரி.

இரண்டாம் படி: காலைச் சோதனை

என்னைக் கேட்டால் இருப்பதிலேயே நல்ல சோதனை இதுதான். ஒரு ஸ்பானர்கூட வேண்டாம்.

மேலே சொன்ன சின்ன ஸ்கேனராக, இஎல்எம் 327 வகை ப்ளூடூத் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். டேஷ்போர்டுக்குக் கீழே, டிரைவர் முழங்காலுக்கு மேலே, ஸ்கேனரை இசியுவோடு இணைப்பதற்கான 16 துளை கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். இந்தியாவில் பிஎஸ் 4 புகை விதிக்கு உட்பட்ட கார்களுக்கு 2013 ஏப்ரலில் ஓபிடி 2 கட்டாயமானதால் அதற்குப் பிந்தைய கார்களில் தேடிச் சிரமப்பட வேண்டியதில்லை. கைப்பேசியில் இலவச ஓபிடி ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டால் போதும்.

இரவு முழுக்க, குறைந்தது எட்டு மணி நேரம், கார் நிழலில் நின்றிருக்கட்டும். காலையில் வெயில் பானெட்டில் விழுவதற்கு முன்னால் சாவியை ஆன் வரை மட்டும் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஆப்பில் கூலன்ட் வெப்பநிலை, இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலை இரண்டையும் பாருங்கள். ராத்திரி முழுக்க ஆறிய இரும்பும் அதனுள்ளே இருக்கும் கூலன்ட்டும் சுற்றியுள்ள காற்றும் ஒரே சூட்டுக்கு வந்திருக்கும். ஆகவே இரண்டு எண்ணும், அன்றைய காலை வெப்பநிலையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று நான்கு டிகிரி வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

வெளியே 27 டிகிரி, காற்று சென்சார் 28 காட்டுகிறது, கூலன்ட் மட்டும் 48 காட்டுகிறது என்றால் கூலன்ட் பக்கம்தான் தப்பு. அதில் மைனஸ் 40 காட்டினால் இன்னும் சுலபம். ஓபிடி முறையில் கூலன்ட் சூடு 0 முதல் 255 வரையிலான ஒரு எண்ணாக வருகிறது. அதிலிருந்து 40-ஐக் கழித்துத்தான் டிகிரியாகக் காட்டுவார்கள். அங்கே பூஜ்யம் வந்தால் இங்கே மைனஸ் 40. அதாவது அளவுகோலின் அடிமட்டம். சூலூரிலும் சூளைமேட்டிலும் மைனஸ் 40 வர வழியே இல்லை. ஒயர் அறுந்திருக்கிறது, கப்ளர் கழன்றிருக்கிறது, அல்லது சென்சார் உள்ளேயே அறுந்திருக்கிறது. ஆறிய காரில் 130, 140 என்று காட்டினால் எங்கோ உரசுகிறது.

சில கார்களின் இசியு, சென்சார் கெட்டதைத் தெரிந்துகொண்டதும் உண்மையான எண்ணை மறைத்து, 80 போல ஒரு மாற்று எண்ணைக் காட்டும். ஆறிய இன்ஜினில் எந்த அசைவும் இல்லாமல் ஒரே எண் நின்றால் அதையும் கோளாறாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: சூடேறுவதைப் பார்த்துக்கொண்டிருங்கள்

இப்போது ஸ்டார்ட் செய்யுங்கள். ஏசி வேண்டாம். ஆப்பில் கூலன்ட் சூட்டை வரைபடமாகப் போட்டுவிட்டுக் காத்திருங்கள். கோடு வழவழவென்று ஏற வேண்டும். 80-ஐத் தாண்டியபின் தெர்மோஸ்டாட் திறக்கும்போது ஒரு சின்ன தயக்கமோ இறக்கமோ தெரியும், அது இயல்புதான். பிறகு 90-ஐ ஒட்டி நிற்கும். நின்ற இடத்திலேயே விட்டுவைத்தால் பெரும்பாலான கார்களில் 95-லிருந்து 100-க்குள் ஃபேன் ஓட ஆரம்பிக்கும், சில டிகிரி இறங்கியதும் நிற்கும்.

கோடு திடீரென்று 62-லிருந்து 35-க்கு விழுந்து மறுபடி 63-க்கு வந்தால் அது மின்சாரக் கோளாறுதான். நான்கைந்து லிட்டர் கூலன்ட் ஒரு நொடியில் 27 டிகிரி ஆறவே முடியாது. இந்த மாதிரிக் குதிப்பு இருந்தால் கப்ளர், ஒயர் பக்கம் சந்தேகத்தைத் திருப்புங்கள்.

இன்னொன்று நிறைய பேரை ஏமாற்றும். கோடு ஒழுங்காக ஏறி, நெடுஞ்சாலையில் போகும்போது மட்டும் 65, 70-ல் நின்றுவிடும். அப்போது சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. தெர்மோஸ்டாட் மூடாமல் திறந்தே நிற்கிறது. அல்லது தெர்மோஸ்டாட்டே இல்லை. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று சொல்லி அதைக் கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் நம் ஒர்க்‌ஷாப்களில் பல வருடமாக இருக்கிறது. இது தவறான வேலை. இன்ஜின் வேலை செய்ய வேண்டிய சூட்டுக்கு வரவே வராது. பெட்ரோல் கூடுதலாகப் போகும், ஆயில் சீக்கிரம் கெடும். அறிகுறிகள் எல்லாமே கெட்ட சென்சார் மாதிரியே இருக்கும். பழைய கார் வாங்கியவர்கள் ஹவுசிங்கைத் திறந்து தெர்மோஸ்டாட் உள்ளே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஸ்கேனர் எண் 90 காட்டும்போது நிஜமாகவே 90-தானா என்று உறுதி செய்ய, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கின் மேல் அளக்கலாம். பளபளக்கும் அலுமினியத்தில் நேரடியாக அளந்தால் எண் மிகவும் குறைவாக வரும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அதன்மேல் அளந்து பாருங்கள். ஐந்து பத்து டிகிரி குறைவாகக் காட்டினால் பரவாயில்லை, வெளிப்புற உலோகம் உள்ளே இருக்கும் கூலன்ட்டைவிடக் கொஞ்சம் ஆறித்தான் இருக்கும். காய்ச்சலுக்காக வாங்கிய நெற்றித் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அது உடல் சூட்டு எல்லைக்காகச் செய்தது.

கோளாறு எண்கள் சொல்பவை

ஆப்பிலேயே கோளாறு எண்ணும் வரும். பி0117 என்றால் வோல்ட் மிகவும் குறைவு, உரசல் பக்கம் பாருங்கள். பி0118 என்றால் வோல்ட் மிகவும் அதிகம், அறுந்த பக்கம் பாருங்கள். பி0119 விட்டு விட்டு வரும் தொடர்பு. பி0116 எண் நம்பும்படியாக இல்லை. பி0128 வந்தால் முதலில் தெர்மோஸ்டாட்டையும் கூலன்ட் அளவையும் பாருங்கள். குறித்துக்கொண்டு அழித்துவிட்டு, திரும்ப வருகிறதா என்று கவனியுங்கள்.

நான்காம் படி: கப்ளரும் ஒயரும்

இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு சென்சாரைக் கண்டுபிடியுங்கள். மேல் ரேடியேட்டர் ஹோஸ் இன்ஜினைத் தொடும் இடத்திலிருந்து தேட ஆரம்பித்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். கப்ளரின் பூட்டை அழுத்திக்கொண்டு பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

உள்ளே பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா? கூலன்ட் நிறத்தில் ஈரம் இருக்கிறதா? பின்கள் நேராக நிற்கின்றனவா? ஈரம் இருந்தால் சென்சாரின் உடலுக்குள்ளேயே கூலன்ட் கசிகிறது. அப்போது வேறு யோசனையே வேண்டாம், சென்சாரை மாற்றிவிடலாம். பச்சை மட்டும் என்றால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாக உலரவிட்டு மாட்டிப் பாருங்கள்.

இந்தப் பச்சையும் ஈரமும் செய்யும் கோளாறுகள் வெவ்வேறு. கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். பூத்த பின், வழியில் 200 ஓம் கூடுதல் தடையைச் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை 30 டிகிரியில் சென்சாரின் தடை 1700 ஓம் அளவில் இருக்கும். அதோடு 200 சேர்ந்தால் எண் மூன்று டிகிரிதான் மாறும். காலைச் சோதனையில் தேறிவிடும். ஆனால் 90 டிகிரியில் சென்சாரின் தடையே 240 ஓம்தான். அங்கே 200 சேர்ந்தால் இசியு அதை 70 டிகிரி என்று படிக்கும். ஈரம் இதற்கு எதிர்ப்பக்கம். அது இரண்டு பின்னுக்கும் நடுவில் குறுக்கு வழி போட்டுவிடும். தடை அதிகமாக இருக்கும் குளிர் நேரத்தில்தான் அதன் பாதிப்பு பெரிதாகத் தெரியும், சூடேறியபின் மறைந்துவிடும். காலையில் மட்டும் பொய் சொன்னால் ஈரத்தையும், சூட்டில் மட்டும் பொய் சொன்னால் கெட்ட தொடர்பையும் முதலில் சந்தேகியுங்கள்.

அடுத்து வருவது எளிமையான, ஆனால் தீர்க்கமான சோதனை. இது இரண்டு ஒயர் சென்சாருக்கு மட்டும். மூன்று நான்கு ஒயர் இருந்தால் ஒயரிங் படம் இல்லாமல் செய்யாதீர்கள். கப்ளரைக் கழற்றிய நிலையில் சாவியை ஆன் செய்யுங்கள். கையையும் சட்டை நுனியையும் துப்பட்டாவையும் ஃபேனிலிருந்து தள்ளி வையுங்கள், எந்த நேரத்திலும் அது சுற்ற ஆரம்பிக்கலாம். ஆப்பில் மைனஸ் 40-ஓ அதை ஒட்டிய எண்ணோ வர வேண்டும். பிறகு சாவியை ஆஃப் செய்து, ஒயர் பக்கத்துக் கப்ளரின் இரண்டு துளைகளையும் ஒரு மெல்லிய ஒயர்த் துண்டால் இணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். எண் உச்சத்துக்கு, 130-க்கு மேலே, போக வேண்டும். பேட்டரியிலிருந்து எதையும் இங்கே இணைத்துவிடாதீர்கள், 12 வோல்ட் போனால் இசியுவே கெடும்.

கழற்றினால் அடிமட்டம், இணைத்தால் உச்சம் என்று இரண்டும் சரியாக வந்தால் ஒயரும் இசியுவும் நலம். இனிமேல் சந்தேகப்பட வேண்டியது சென்சாரையும் கப்ளர் பின்களையும்தான். இணைத்தபிறகும் மைனஸ் 40-லேயே நின்றால் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது. கழற்றியபிறகும் உச்சத்திலேயே நின்றால் ஒயர் எங்கோ உரசுகிறது. இந்த இரண்டு நிலையிலும் எத்தனை புதுச் சென்சார் போட்டாலும் கார் சரியாகாது. என் காரில் இதைச் செய்தபோது எண் மைனஸ் 40-லிருந்து அசையவே இல்லை. ஐந்து நிமிட வேலை. முதல் நாளே யாராவது செய்திருந்தால் இரண்டு சென்சார் செலவும் மூன்று வாரப் பெட்ரோலும் மிச்சமாகியிருக்கும்.

மாற்று எண் காட்டும் கார்களில் மல்டிமீட்டரை நம்புங்கள். கழற்றிய கப்ளரின் இரண்டு துளைகளுக்கு நடுவில், சாவி ஆனில், 5 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி மைனஸில் வைத்து மறுபடி பாருங்கள். இப்போது 5 வோல்ட் வந்தால் எர்த் ஒயர் அறுந்திருக்கிறது.

ஒயரை ஆராயும்போது டேப்பைப் பிரித்துப் பார்க்கத் தயங்காதீர்கள். எலி கடித்ததை மேலிருந்து பார்த்தால் சில நேரம் தெரியாது. கப்ளரை மாட்டி, ஆப்பில் எண்ணைப் பார்த்துக்கொண்டே ஒருவர் ஒயர்க் கொத்தை அங்கங்கே மெல்ல ஆட்டட்டும். எண் துள்ளும் இடம்தான் காயம்பட்ட இடம். அங்கே வெட்டி, சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடுங்கள். வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழைக்குப் பச்சை பூத்துவிடும்.

ஐந்தாம் படி: சென்சாரின் தடையை அளப்பது

சாவி ஆஃபில், கப்ளர் கழற்றிய நிலையில், சென்சாரின் இரண்டு பின்னிலும் மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். உங்கள் காரின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் எண்தான் இறுதி. அது கிடைக்காதவர்களுக்கு, பரவலாகப் புழங்கும் பாஷ் வகைச் சென்சாரின் எண்களைத் தோராயமாகத் தருகிறேன். பல ஜப்பானிய கார்களும் இதை ஒட்டியே வரும்.

20 டிகிரியில் 2500 ஓம்
30 டிகிரியில் 1700 ஓம்
40 டிகிரியில் 1170 ஓம்
60 டிகிரியில் 600 ஓம்
80 டிகிரியில் 320 ஓம்
90 டிகிரியில் 240 ஓம்
100 டிகிரியில் 185 ஓம்

சர்வீஸ் புத்தகங்கள் பெரும்பாலும் 20 டிகிரி எண்ணைத்தான் கொடுக்கும். சமவெளியில் இருக்கும் நமக்கு ஆறிய இன்ஜினே 28, 30 டிகிரியில் இருக்கும். 2500 வரவில்லையே என்று நல்ல சென்சாரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், 1700 வந்தால் அது சரியான சென்சார்தான். அதேபோல எல்லாக் கார்களும் இந்தப் பட்டியலுக்குள் வராது. பல பழைய ஃபோர்டு மாடல்களில் 20 டிகிரியில் 37 கிலோ ஓம் வரும், அது கோளாறு இல்லை.

ஆறிய நிலையில் ஒன்று, ஓட்டிச் சூடேற்றியபின் ஒன்று என்று இரண்டு அளவாவது எடுங்கள். ஒரே இடத்தில் சரியாக இருந்து இன்னொரு இடத்தில் தவறும் சென்சார்கள் உண்டு. முழு வரம்பையும் பார்க்க ஆசையிருந்தால் சென்சாரைக் கழற்றி, பாத்திரத்துத் தண்ணீரில் அதன் மூக்கு மட்டும் நனையும்படி கம்பியில் தொங்கவிட்டு, சமையல் தெர்மாமீட்டரை அருகில் வைத்து அடுப்பில் சூடேற்றுங்கள். பின்களில் தண்ணீர் படக்கூடாது, சென்சார் பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. மீட்டரில் எண் படிப்படியாக இறங்க வேண்டும். நடுவில் குதித்தாலோ, சட்டென்று அளவு காட்டாமல் போனாலோ சென்சார் கெட்டதுதான். சென்னையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊட்டியில் 93-ஐ ஒட்டியே கொதித்துவிடும். அங்கே இருப்பவர்கள் கொதித்தால் 185 ஓம் என்று எதிர்பார்க்கக் கூடாது. கூலன்ட் நச்சுப் பொருள் என்பதால் இந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள்.

ஆறாம் படி: மாற்றத்தான் வேண்டும் என்று உறுதியானால்

புதுச் சென்சாரைக் கடைக் கவுன்டரிலேயே மீட்டர் வைத்து அளந்து வாங்குங்கள். கடைக்குள் 30 டிகிரி என்றால் பட்டியலை ஒட்டிய எண் வர வேண்டும். கையால் மூடிப் பிடித்தால் எண் இறங்க வேண்டும். வடிவம் ஒன்றாக இருந்து, தடை வேறாக இருக்கும் டூப்ளிகேட் சரக்கும் வேறு மாடல் சரக்கும் புழக்கத்தில் இருக்கின்றன.

ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். கீழே ஒரு தட்டை வையுங்கள். புதுச் சென்சாரைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு பழையதைக் கழற்றினால், கூலன்ட் கொஞ்சம்தான் வீணாகும். திருகு வகைக்குப் புது வாஷரும், கிளிப் வகைக்குப் புது ஓ ரிங்கும் போடுங்கள். கையால் நேராகத் திருகி ஏற்றி, கடைசியில் மட்டும் ஸ்பானரால் அளவாக இறுக்குங்கள். அலுமினிய ஹவுசிங்கின் திருகுபுரி எளிதில் கெட்டுவிடும். பழைய கார்களில் முள்ளுக்கு மட்டும் தனியாக ஒற்றை ஒயர் சென்சார் இருக்கும். அது திருகுபுரி வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. அதில் டெஃப்லான் டேப் சுற்றினால் முள் சரியாகக் காட்டாமல் போகலாம்.

கூலன்ட்டை நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடி இன்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, குமிழி வருவது நிற்கும்வரை சேர்த்துக்கொண்டே வாருங்கள். ரேடியேட்டர் மூடி இல்லாமல் டேங்க் மட்டும் உள்ள கார்களுக்கும், காற்று வெளியேற்றத் தனித் திருகு உள்ள கார்களுக்கும் புத்தகத்தில் சொன்ன முறையைப் பின்பற்றுங்கள். உள்ளே காற்றுக் குமிழி தங்கி சென்சாரின் மூக்கருகே நின்றுவிட்டால் புதுச் சென்சாரும் தவறாகவே காட்டும். சிந்திய கூலன்ட்டை உடனே கழுவிவிடுங்கள். அது இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கினால் உயிருக்கே ஆபத்து.

கோளாறு எண்ணை அழித்துவிட்டு, மறுநாள் காலை இரண்டாம் படியை அப்படியே திரும்பச் செய்யுங்கள். கூலன்ட்டும் காற்றும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். இரண்டு மூன்று நாள் ஓட்டியபின் ஆறிய இன்ஜினில் ரிசர்வ் டேங்கைப் பாருங்கள். உள்ளே தங்கியிருந்த காற்று வெளியேறி அளவு கொஞ்சம் இறங்கியிருக்கும், ஊற்றிச் சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே போனால் சென்சாரின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். கூலன்ட் நிறத்தில் உலர்ந்த பொருக்கு தெரிந்தால் வாஷரோ ஓ ரிங்கோ சரியாக உட்காரவில்லை.